கோழியுங் கடனும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையிலே சென்ற ஆண்டுகளில் பெரியபுராணத்தைப் பற்றியும், சைவ சித்தாந்தத்தைப் பற்றியும், திருமுறைகளின் பெருமையைப் பற்றியும் அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கோழிவளர்ப்பு. நிகழ்ச்சி நிரலைப் பார்த்த பெரியவர் ஒருவர், "சைவ மன்றத்திலே கோழிக்கு என்ன வேலை?" என்று எம்மிடம் நேரே கேட்டுவிட்டார். கேட்டது நியாயமே. ஆகவே அவருக்கு முதலில் விடை கூறிவிட்டு அப்பாற் செல்வது முறையாகும்.

கொல்லாமையை அறமெனப் போற்றும் சமயம் எமது சமயம். முட்டையையும் இறைச்சியையும் விலக்கி வாழ்வோர் பலர் இச்சபையில் இருக்கிறீர்கள். உங்கள் விரதம் உங்களுக்கு மேன்மை தருவதாகுக. எவரையும் முட்டை உண்ணுமாறு சொல்ல நாம் இங்கே வரவில்லை. முட்டையிட்டு ஓய்ந்த கோழி ஈற்றில் இறைச்சிக்கே விற்கப்படுகின்றது என்ற உண்மையை மூடி மறைக்கவும் விரும்பவில்லை. அந்தத் தொழில் வேண்டாம் என்று ஒருவர் ஒதுங்கினால் அவரை நாம் மதிப்போம். ஆயினும் எமது ஊரைச் சுற்றிப் பாருங்கள். கோயிலுக்கு நாள்தோறும் பூக்கட்டிக் கொடுக்கும் தாயின் வளவிலும் நாலு கோழி மேய்கின்றது. ஆண் துணையற்ற அநேக வீடுகளிலே பிள்ளைகளின் கொப்பிக்கும் பேனைக்கும் அந்த நாலு கோழியே வழி. 1877 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, ஆறுமுக நாவலர் பெருமான் பிரசங்கத்தோடு நின்றுவிடாமற் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். பசியை நீக்குவதும் சைவப்பணி என்பதை அவர் செய்து காட்டினார். அந்த வழியில் வந்த நாம், எமது அயலவர் ஒருவர் எதனால் வாழ்கிறார், எதனாற் கெடுகிறார் என்பதை ஆராயாமல் இருத்தல் ஆகாது.

இதனைப் பேசுவதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. அது எமக்குப் பெருமை தரும் காரணமன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எமது ஊரிலே, 2009 ஆம் ஆண்டு போரிற் கணவனை இழந்த தாய் ஒருவர், இரண்டு பிள்ளைகளோடு சீவித்து வந்தார். அவருக்குக் கோழிவளர்ப்பில் விருப்பம். வீடுவீடாக வந்து கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் உத்தியோகத்தர் அவரிடம் வந்து, ஐந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றால் ஈடில்லாமற் கடன் கிடைக்கும் என்றார். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர்கள் எமது மன்றத்து இளைஞர்கள். "நல்ல முயற்சி, துணிந்து செய்யுங்கள்" என்று தட்டிக்கொடுத்தவர்கள் நாம். ஐம்பதினாயிரம் ரூபா வந்தது. ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் ஐம்பது வந்தன. நாமெல்லோரும் சேர்ந்து கிடுகு வேய்ந்து கொட்டிலும் போட்டுக் கொடுத்தோம். அன்று எமக்கிருந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அந்த மகிழ்ச்சியிலே நாம் ஒரு கணக்கும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டிய கணக்குகளை இப்போது பார்ப்போம்.

கடன் ரூபா 50,000. வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 24 என்றார்கள். நூற்றுக்கு 24 என்றாற் பெரிய வட்டியாகத் தோன்றவில்லை. ஆனால் அது குறைந்து வரும் நிலுவைக்குப் போட்ட வட்டியன்று. வாங்கிய முழுத் தொகைக்கும் வருடம் முழுவதற்கும் போட்ட வட்டி. ஆகவே வட்டி 12,000, மொத்தம் 62,000. இதனை 52 கிழமைகளுக்குப் பிரித்தாற் கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. முதற் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு போகின்றது. நடு வருடத்தில் அந்தத் தாயின் கையிலே மிஞ்சியிருந்த கடன் பாதிதான். வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. நேர்மையாகக் கணக்கிட்டால் அந்த வட்டி நூற்றுக்கு 40க்கும் மேலே போய்விடும். பத்தாம் வகுப்பிற் படிக்கும் பிள்ளைகூடச் செய்யக்கூடிய கணக்கு இது. ஆயினும் பட்டம் பெற்றவர்கள் இருந்த எமது மன்றத்திலே அதனைச் செய்வார் இல்லாமற் போயிற்று.

இனிக் கோழியின் கணக்கு. முட்டைக்கென வளர்க்கும் இனக் குஞ்சு முதல் முட்டையிடுவதற்கு ஏறக்குறைய இருபது கிழமை செல்லும். ஊர்க்கோழிக்கு இன்னும் சில கிழமைகள் கூடுதலாகச் செல்லும். அந்த இருபது கிழமைக்குள் ஒரு குஞ்சு ஏழெட்டுக் கிலோ தீனி உண்ணும். ஐம்பது குஞ்சுக்கு 375 கிலோ! அத்தனை தீனிக்கும் பணம் எங்கே? கடனிற் பாதி கொட்டிலுக்கும் குஞ்சுக்குமே போய்விட்டது. அது மட்டுமா? முதல் முட்டை காணுமுன் அந்தத் தாய் கட்டவேண்டிய தவணைகள் இருபது. இருபது தவணை என்றால் 23,840 ரூபா. வாங்கிய கடனில் ஏறக்குறையப் பாதியை, கோழி ஒரு முட்டைதானும் இடுவதற்கு முன்னரே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. எதிலிருந்து கொடுப்பது? கடன் பணத்திலிருந்தே கொடுத்தார். கடனைக் கொண்டு கடனைக் கட்டினார். குஞ்சுக்குத் தீனி குறைந்தது.

ஏழாங் கிழமையில் ஐப்பசி மழை பிடித்தது. கொட்டிலின் நிலம் ஈரமாயிற்று. முதலில் இரத்தக் கழிச்சல். அதன்பின் கழுத்துத் திருகிச் சாயும் நோய். பத்து நாளில் ஐம்பதில் முப்பத்தெட்டுக் குஞ்சுகள் மடிந்தன. தடுப்பு மருந்து போடவேண்டும் என்பதை அந்தத் தாய்க்குச் சொல்வார் இல்லை; எமக்கோ தெரியாது. தவணை மட்டும் செவ்வாய் தோறும் தவறாமல் வந்தது. தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று. வேறொரு நிறுவனத்தில் இன்னொரு கடன் எடுத்து முதற் கடனுக்குக் கட்டினார். பிணை நின்ற நாலு பெண்களும், அதுவரை ஒரே கிணற்றில் நீரள்ளி ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்து வந்தவர்கள், இவர் வீட்டு வாயிலில் வந்து இருந்து பணம் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இவர் கட்டாவிட்டால் அவர்கள் கட்டவேண்டும். அயலுறவு போயிற்று. மூத்த பிள்ளை படிப்பை இடையில் நிறுத்தித் துணிக்கடை ஒன்றுக்கு வேலைக்குப் போயிற்று.

அன்பர்களே, இது எமது ஊரில் மட்டும் நிகழ்ந்ததன்று. வடக்கிலும் கிழக்கிலும், நாட்டின் ஏனைய பாகங்களிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் இந்தச் சுழியில் அகப்பட்டனர். 2016 ஆம் ஆண்டில் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வந்தது. ஆயினும் கடன் கொடுப்போர் எல்லாரும் அதன் எல்லைக்குள் வரவில்லை. 2018 ஆம் ஆண்டிலே வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. 2021 ஆம் ஆண்டிலே பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட சிங்களச் சகோதரிகள் நாட்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். இந்தத் துன்பத்துக்கு மொழியுமில்லை, சாதியுமில்லை.

அப்படியாயின் கடன் என்பதே தீதா? அல்ல. கடனில்லாமல் ஏழை முதலுக்கு எங்கே போவார்? வங்காள தேசத்திலே 1976 ஆம் ஆண்டில் முகம்மது யூனுஸ் என்னும் பேராசிரியர், யோப்ரா என்னும் கிராமத்தில் நாற்பத்திரண்டு பேருக்குத் தம் கையிலிருந்து இருபத்தேழு டொலர் கடன் கொடுத்தார். அதிலிருந்து முளைத்த கிராமின் வங்கி 1983 இல் தனி வங்கியாயிற்று; 2006 இல் அவருக்கும் அவ்வங்கிக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த நாட்டிலேயே பிராக் என்னும் மற்றொரு நிறுவனம் கோழிவளர்ப்பைப் பெண்களின் தொழிலாக வளர்த்தெடுத்தது. அவர்கள் வெறுங் கடனை மட்டும் கொடுத்து விட்டுவிடவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். கிராமத்துப் பெண்களிலேயே சிலரைப் பழக்கித் தடுப்பு மருந்து போடுபவர்களாக்கினர். சிலர் குஞ்சுகளை முதல் இரண்டு மாதம் வளர்த்துக் கொடுப்பவர்களாயினர். சிலர் தீனி விற்றனர். சிலர் முட்டை சேர்த்துச் சந்தைக்குக் கொண்டு சென்றனர். இத்தனை கைகளும் கூடியதனாலேதான் அங்கே கடன் பயன்பட்டது.

எமது நாட்டிலும் இது புதிதன்று. 1911 ஆம் ஆண்டிலேயே இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்துவிட்டது. ஐக்கிய நாணய சங்கம் என்று எமது பாட்டன்மார் சொன்ன சங்கங்களில், பணம் வைத்தவரும் கடன் எடுத்தவரும் ஒரே ஊரார். கமக்காரன் புகையிலை விற்றபின் கட்டுவான் என்பது சங்கத்தாருக்குத் தெரியும். தவணை அறுவடையைப் பார்த்து அமைந்தது. யாழ்ப்பாணத்திலே கூட்டுறவுப் பெரியார் வீரசிங்கம் அவர்களின் பெயர் தாங்கி நிற்கும் மண்டபத்தைக் காணும்போதெல்லாம், அந்த இயக்கம் இம்மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது நினைவுக்கு வரும்.

ஆகவே நாம் இன்று சொல்ல வந்தது ஒன்றே. தவணைக்கேற்பக் கோழி முட்டையிடாது; கோழி முட்டையிடுவதற்கேற்பத்தான் தவணை அமையவேண்டும். இந்த ஒன்றை மனத்திற் பதித்துக்கொண்டாற் பாதி இடர் நீங்கும். மற்றப் பாதி, கோழியை அறிந்து வளர்ப்பதால் நீங்கும்.

அந்தத் தாய் மீண்டும் எழுந்தார். அவர் எழுந்த விதத்தைச் சொன்னால் வளர்ப்பு முறையும் விளங்கும்.

கடன் தொல்லை ஒருவாறு ஓய்ந்தபின் அவருடைய தமக்கையார் ஐந்து ஊர்க்கோழிகளைக் கொடுத்தார். இந்தமுறை அவர் எவரிடமும் கை நீட்டவில்லை. ஒரு பேடு அடைக்கு இருந்தபோது பன்னிரண்டு முட்டை வைத்தார். ஏழாம் நாள் இரவு முட்டைகளை மின்சூளின் ஒளியிலே பிடித்துப் பார்த்து, சிலந்தி வலை போல நரம்பு ஓடியவற்றை வைத்துக்கொண்டு, தெளிந்து கிடந்தவற்றை எடுத்துவிட்டார். இருபத்தோராம் நாள் குஞ்சுகள் வெளிவந்தன. தாய்க்கோழி செட்டையின்கீழ் வைத்துக் காத்தபடியால் விளக்குச் சூடு வேண்டியிருக்கவில்லை. விளக்கு வைத்து வளர்ப்போருக்கு ஓர் அடையாளம் சொல்லலாம்: குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக் கிடந்தாற் குளிர்; விளக்கை விட்டு ஓரங்களுக்கு ஓடினாற் சூடு அதிகம்; எங்கும் பரவி மேய்ந்தாற் சரியான அளவு. குஞ்சைப் பார்க்கத் தெரிந்தவருக்கு வெப்பமானி வேண்டியதில்லை.

கொட்டிலைக் காற்றோட்டமான மேட்டு நிலத்துக்கு மாற்றினார். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி இடம் விட்டார். நிலத்திலே மூன்று நாலு அங்குலம் உமி பரப்பி, அதனை நாள்தோறும் கிளறிவிட்டு, நனைந்த இடத்தை உடனே அள்ளி வெளியே கொட்டினார். மரநாயும் கீரியும் நுழையாதபடி கம்பிவலையை நிலத்துக்குள் ஒரு முழம் இறக்கினார். இவை யாவும் பணச் செலவினும் கைச் செலவே மிகுந்தவை.

தீனி விடயத்தில் அவர் செய்த வேலை மிகவும் பாராட்டத்தக்கது. வளவு மூலையிலே பழைய பானைகளில் உக்கிய ஓலையும் சாணமும் இட்டுக் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடித்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார். முருங்கையிலை, அரிசிக் குறுணல், தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, கடற்கரையிற் கிடைக்கும் சிப்பி ஓட்டை இடித்த தூள் என்பவற்றைச் சேர்த்து, கடைத்தீனியைப் பாதியாகக் குறைத்தார்.

இந்தப் பாதியின் பெறுமதி என்ன? கணக்கு ஒன்று பார்ப்போம். விலைகள் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால் இதனை ரூபாவிலே போடாமல் முட்டையிலே போடுவோம். நல்ல பருவத்திலுள்ள பத்துக் கோழி நாளொன்றுக்கு ஆறு ஏழு முட்டை இடும் என்று கொள்வோம். ஒரு கோழி நாளுக்கு நூற்றுப் பத்து முதல் நூற்றிருபது கிராம் வரை உண்ணும். பத்துக் கோழிக்கு ஏறக்குறைய ஒன்றேகாற் கிலோ. ஒரு கிலோ கடைத்தீனி நாலு முட்டையின் விலை என்று வைத்துக்கொண்டால், முழுவதும் கடைத்தீனியே போட்டால் நாளொன்றுக்கு ஐந்து முட்டை தீனிக்கே போய்விடும். மிஞ்சுவது ஒன்று அல்லது இரண்டு. தீனியிற் பாதியை வளவிலே தேடிக்கொண்டால் மிஞ்சுவது நாலு. ஆகவே தவணை கட்டுவதற்கு நாளுக்கு இரண்டு முட்டைக்கு மேல் ஒதுக்கக் கூடாது. மற்ற இரண்டும் பிள்ளைகளுக்கும் நோய் நொடிக்கும் இருக்கவேண்டும். உங்கள் ஊரிலே ஒரு கிலோ தீனிக்கு எத்தனை முட்டை விற்கவேண்டும் என்று கேட்டு, இதே கணக்கை மீண்டும் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கிலே தவணை அடங்காவிட்டால், எவ்வளவு இனிக்கப் பேசினாலும் அந்தக் கடனை எடுக்காதீர்கள்.

வருமானம் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இராது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. நல்லூர்க் கந்தன் திருவிழா இருபத்தைந்து நாளும், கேதார கௌரி விரத நாட்களிலும், கந்தசஷ்டியிலும் எத்தனை வீடுகளில் முட்டை வாங்குவதில்லை! எமது பக்தி முட்டை விற்கும் தாய்க்கு மந்தமான காலமாகின்றது. சித்திரை வெயிலிலே கோழி வாய் பிளந்து இளைத்து முட்டையைக் குறைக்கும். நத்தாரும் புதுவருடமும் வரும்போது கேக் செய்வோரால் முட்டை தட்டுப்படும். தவணைப் புத்தகம் எழுதுவோர் இவற்றை அறியமாட்டார்கள். எமது பஞ்சாங்கம் அறியும்.

வளவுக் கோழிகள் முட்டையிட்டு ஒரு வருடம் சென்றபின்னர்தான் அந்தத் தாய் கடனைப் பற்றி நினைத்தார். இந்தமுறை ஊரிலுள்ள சிக்கனக் கடன் சங்கத்திலே, தாம் மாதம் மாதம் போட்டுவந்த சேமிப்பின் பேரில், பதினையாயிரம் ரூபா மட்டும் எடுத்தார். குஞ்சு வாங்கவில்லை, முட்டையிடும் தறுவாயிலிருந்த பேடுகளை வாங்கினார். விலை கூடத்தான், ஆனால் சில கிழமைகளிலே முட்டை கண்டார். தவணையும் கிழமைக்கன்று, மாதத்துக்கு. முதல் இரண்டு மாதம் வட்டி மட்டும். கடன் முடிந்துவிட்டது. இன்று அவர் வளவிலே பதினெட்டுக் கோழி நிற்கின்றன. அடகுக்குப் போன தாலிக்கொடி இன்னும் மீளவில்லை. படிப்பை விட்ட பிள்ளையும் மீண்டும் பள்ளிக்கூடம் போகவில்லை, இளையது போகின்றது. இந்த உரைக்கு ஆயத்தம் செய்வதற்காக நாம் அவரிடம் சென்றபோது அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறோம்: "தம்பியவை, கோழிக்கு ஒரு அவசரமும் இல்லை. காசு தந்தவைக்குத்தான் அவசரம்." இத்தனை நேரம் நாம் நீட்டிச் சொன்னதை அவர் இரண்டு வசனத்திற் சொல்லிவிட்டார்.

இளைஞர்களே, இனி நாம் செய்யக்கூடியது என்ன? நான்கு கருமங்களை மன்றத்தின்முன் வைக்கிறோம்.

முதலாவது, தடுப்பு மருந்து. நியூகாசில் என்றும் இராணிக்கேத் என்றும் சொல்லப்படும் நோய் ஒரு கிராமத்துக் கோழிகளை ஒரே கிழமையில் அழித்துவிடக் கூடியது. வந்தபின் அதற்கு மருந்தில்லை, வருமுன் தடுக்கலாம். தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிக்கும் அதற்கு மேலும் போதும். கரைத்துவிட்டாற் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கும் தாய் தனியே ஒரு குப்பியை வாங்கி என்ன செய்வார்? ஆகவே கால்நடை வைத்திய அலுவலகத்தோடு பேசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கொரு நாள் குறிப்போம். ஐசுப் பெட்டியிற் குளிர் குறையாமல் மருந்தைக் கொண்டுவந்து, வீடுவீடாகச் சென்று போடுவதற்குத் துவிச்சக்கர வண்டியுள்ள நாலு இளைஞர் போதும். கண்ணில் ஒரு துளி விடப் பழகுவது கடினமன்று. வைத்தியர் ஒருநாளிற் பழக்கிவிடுவார்.

இரண்டாவது, கணக்கு. கடன் எடுக்க எண்ணும் எவரும் ஒப்பமிடுமுன் மன்றத்துக்கு வரட்டும். முழு வட்டி எவ்வளவு, கிழமைத் தவணை எவ்வளவு, முதல் வருமானம் எப்போது, அதற்கிடையிலே எத்தனை தவணை என்னும் நாலு கேள்விக்கும் ஒரு தாளில் விடை எழுதிக் கொடுப்போம். உயர்தரத்திலே வர்த்தகம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதனினும் நல்ல பயிற்சி இல்லை. "எடுங்கள்" என்றோ "எடாதீர்கள்" என்றோ நாம் சொல்லவேண்டியதில்லை. விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கை கணக்கையும் செய்து கொடுத்தாற் போதும்.

மூன்றாவது, கோழிக்கடன். பணமாகக் கொடாமற் கோழியாகக் கொடுப்போம். மன்றம் ஒரு குடும்பத்துக்கு ஐந்து பேடும் ஒரு சேவலும் கொடுக்கும். ஒன்றரை வருடத்துக்குள் அக்குடும்பம் அதே அளவிலே வளர்ந்த ஐந்து பேடும் ஒரு சேவலும் அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்கும். வட்டியில்லை, பிணையில்லை. நோயால் அழிந்தால், தடுப்பு மருந்து போடாதது மன்றத்தின் தவறா, வளர்த்தவர் தவறா என்று பார்த்து, மன்றத்தின் தவறாயின் மன்றமே ஈடுசெய்யவேண்டும். முதல் நாலு குடும்பங்களுக்கு வேண்டிய பணம், இவ்வாண்டு விழாவின் அலங்காரச் செலவிற் சிறிது குறைத்தாலே கிடைத்துவிடும் என்பது எமது எண்ணம். செயற்குழு ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம்.

நாலாவது, பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். கடன்பட்ட பெண்ணின் வாசலில் ஆட்கள் வந்து நின்றால், அவரை இகழ்ந்து பேசுவதை நிறுத்துவோம். கடனை மறைத்தவர்களே இரண்டாவது கடன் எடுத்தார்கள். இரண்டாவதை மறைக்க மூன்றாவது எடுத்தார்கள். வெட்கத்துக்கு அஞ்சியதனாலேதான் அநேகர் ஆழத்துக்குப் போனார்கள். ஊர் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் முதற் கடனோடு நின்றிருப்பார்கள்.

எமது மன்றத்தின் கொடியிலே சேவல் இருக்கின்றது. முருகப்பெருமானின் கொடியிலுள்ள சேவல் அது, விடியலை அறிவிப்பது. அதனை ஆண்டுக்கொருமுறை ஏற்றி வணங்கி இறக்கி மடித்து வைக்கிறோம். கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கும் தாயின் வளவிலும் ஒரு சேவல் விடியற்காலையிற் கூவுகின்றது. அந்த வீட்டிலும் நாள் நல்லபடி விடியவேண்டும் என்பது எமது பிரார்த்தனை.

முதலிற் கேள்வி கேட்ட பெரியவர் முன்வரிசையிலே இருக்கிறார். நாம் சொன்ன விடையில் அவருக்கு இன்னுங் குறை தோன்றினால், கூட்டம் முடிந்தபின் அவரோடு இருந்து பேச ஆயத்தமாக இருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை மன்ற மண்டபத்திலே தடுப்பு மருந்துத் தொண்டுக்கு இளைஞர்களின் பெயர் பதியப்படும். வண்டியுள்ளவர்கள் வண்டியோடு வருக.